மும்பை கார்ப்பரேட் லா ஃபர்ம்ல வேலை கிடைச்சிருக்கு, உள்ள நெஜமாவே எப்படி இருக்கும்?

பொருநைக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். சென்னைல அஞ்சு வருஷ லா கோர்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மும்பைல ஒரு பெரிய கார்ப்பரேட் ஃபர்ம்ல இன்டர்ன்ஷிப் பண்ணேன், அது முடிஞ்சதும் ப்ரீ-பிளேஸ்மென்ட் ஆஃபர் குடுத்திருக்காங்க, எம் அண்ட் ஏ (கம்பெனிங்களை வாங்கறது, இணைக்கிறது) டீம்ல. சம்பளம் எங்க வீட்ல யாரும் பார்க்காத தொகை, அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா எங்க மாமா திருநெல்வேலி கோர்ட்ல சிவில் சைடுல ரொம்ப வருஷமா இருக்காங்க, அவங்க "அது வக்கீல் வேலையே இல்ல, கோர்ட் வாசலைக்கூட மிதிக்க மாட்ட, எங்கிட்டயே ஜூனியரா வா"ன்னு சொல்றாங்க.

இன்டர்னா இருந்தப்ப எனக்கு ரிசர்ச் நோட் எழுதறது, டாக்குமென்ட் படிக்கிறது தவிர பெருசா ஒண்ணும் தெரியல. அங்க இருந்த அசோசியேட்ஸ் பகல்ல கொஞ்சம் ஃப்ரீயா இருந்த மாதிரி இருந்துச்சு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு மெயில் போயிட்டு இருந்துச்சு. அது ஏன் அப்படி? ஆஃபர் லெட்டர்ல வேற எம்ப்ளாயின்னு போடல, "ரிட்டெய்னர்"னு போட்டிருக்கு. ஹிந்தி எனக்கு சுத்தமா வராது. உள்ள இருக்கறவங்க, இருந்துட்டு வந்தவங்க யாராவது விவரமா சொல்லுங்க ப்ளீஸ்.


லோயர்பரேல்_தமிழன்:

நான் மும்பைல இதே மாதிரி ஒரு ஃபர்ம்ல எம் அண்ட் ஏ டீம்லதான் இருக்கேன், இப்போ சீனியர் அசோசியேட். ராமநாதபுரம் பக்கம், அரசு பள்ளில தமிழ் மீடியம் படிச்சு வந்தவன், அதனால உன் கேள்வி எனக்கு நல்லா புரியுது தங்கச்சி.

முதல்ல வேலை என்னன்னு சொல்றேன். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குதுன்னு வெச்சுக்கோ, நம்ம க்ளையன்ட் வாங்கறவங்க. விக்கிற கம்பெனி தன்னோட காகிதம் எல்லாத்தையும் ஒரு ஆன்லைன் டேட்டா ரூம்ல ஏத்திடும், லோன் அக்ரிமென்ட், குத்தகை பத்திரம், போர்டு மினிட்ஸ், லைசென்ஸ், கேஸ் கட்டு எல்லாம். அதை ஒண்ணு விடாம படிக்கிறது முதல் வருஷ அசோசியேட், ஏ-ஜீரோன்னு சொல்வாங்க, அவங்கதான். படிச்சு என்ன தேடணும்னா, ஓனர் மாறினா பேங்க் சம்மதம் வேணும்னு லோன் அக்ரிமென்ட்ல ஒரு வரி இருக்கா, ஃபேக்டரி இருக்கற இடத்தோட குத்தகை ஒரு வருஷத்துக்கு மேல போகுது ஆனா ரிஜிஸ்டர் பண்ணாம வெறும் ஸ்டாம்ப் பேப்பர்ல இருக்கா, கடனை அடைச்சு முடிச்சுட்டாங்க ஆனா கம்பெனி ரிஜிஸ்ட்ரார்கிட்ட சிஎச்ஜி-4 ஃபார்ம் போடாததால ரெக்கார்டுல இன்னும் சொத்து அடமானத்துல இருக்கற மாதிரி காட்டுதா, இப்படி. கேட்க சலிப்பா தெரியும், ஆனா நீ கண்டுபிடிக்கிற அந்த ஒரு விஷயத்தால விலை குறையலாம், இல்லன்னா "இதை சரி பண்ணாதான் பணம் தருவோம்"னு ஒப்பந்தத்துல கண்டிஷன் ஏறும். எனக்கு இந்த வேலையில பிடிச்சதே அதுதான், முன்ன பின்ன பார்க்காத ஒரு தொழிலை ஒரு மாசத்துல காகிதம் வழியா உள்ளும் புறமும் தெரிஞ்சுக்கலாம், சிமென்ட் எப்படி விக்கிறாங்க, ஆஸ்பத்திரிக்கு என்னென்ன லைசென்ஸ் வேணும், எல்லாம் வந்துரும்.

அதுக்கு அப்புறம் ஷேர் பர்ச்சேஸ் அக்ரிமென்ட். அதுல கமர்ஷியல் பேச்சு பார்ட்னரும் சீனியரும் பேசுவாங்க, நீ ட்ராஃப்ட்ல ஒவ்வொரு தடவையும் என்ன மாறிச்சுன்னு கம்பேர் எடுத்து, டெஃபினிஷன் எல்லாம் ஒத்துப்போகுதா, கிளாஸ் நம்பர் சரியா போகுதான்னு பார்க்கணும். கண்டிஷன் லிஸ்ட் முழுக்க உன் பொறுப்பு. க்ளோசிங் அன்னிக்கு எந்த போர்டு ரெசல்யூஷன் முதல்ல, பணம் எப்போ வரும், ஷேர் எப்போ மாறும்னு நிமிஷக் கணக்குல ஒரு அஜெண்டா போடுவோம், அதையும் ஜூனியர்தான் கையில வெச்சிருப்பாங்க. வெளிநாட்டு ஆள் வாங்கினா அதுக்கு மேல ரிசர்வ் பேங்குக்கு எஃப்சி-டிஆர்எஸ்னு ஒரு ஃபார்ம் 60 நாளைக்குள்ள போடணும், புது ஷேர் ஒதுக்கினா எஃப்சி-ஜிபிஆர் 30 நாளைக்குள்ள, டீல் முடிஞ்சு எல்லாரும் மறந்துட்ட பிறகு இதை ஞாபகம் வெச்சு பண்றவங்கதான் டீம்ல நல்ல பேர் எடுப்பாங்க.

இப்போ நீ கேட்ட பகல் ராத்திரி விஷயம். பகல் பூரா பார்ட்னர் கால்லயே இருப்பாங்க. நீ காலைல அனுப்பின ட்ராஃப்டை அவங்க திறக்கிறதே சாயங்காலம் ஏழு மணிக்கு மேல. க்ளையன்டும் அவங்க ஆபீஸ் வேலை முடிச்சுட்டுதான் கமென்ட்ஸ் அனுப்புவாங்க. எதிர்ல லண்டன் நியூயார்க் ஃபண்ட் இருந்தா அவங்களுக்கு விடியறப்ப நமக்கு மத்தியானமோ சாயங்காலமோ ஆயிருக்கும். எல்லாம் சேர்ந்து ராத்திரி எட்டு மணிக்கு உன் தலையில வந்து விழும், "காலைல க்ளையன்ட் இன்பாக்ஸ்ல இருக்கணும்"னு. அதனால மணிக்கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், என்னை பொறுத்தவரைக்கும் அதைவிட ஆளைத் தின்றது காத்திருப்புதான். வேலையும் இருக்காது, கிளம்பவும் முடியாது, ஒரு டிக்கெட் புக் பண்ண முடியாது, நண்பன் கல்யாணத்துக்கு வர்றேன்னு உறுதியா சொல்ல முடியாது. இதை யாரும் கேம்பஸ்ல சொல்ல மாட்டாங்க.

இன்னொரு விஷயமும் இதுல இருக்கு. இங்க டைம்ஷீட்ல ஆறு நிமிஷம் ஒரு யூனிட்டா எழுதுவோம், யாரோட பேசினே, எந்த கிளாஸ் பார்த்தே எல்லாம் எழுதணும், அன்னன்னிக்கே எழுதிடு, வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஞாபகப்படுத்தினா வராது. ஆனா இந்திய க்ளையன்ட் நிறைய பேர் மணிக்கு இவ்வளவுன்னு குடுக்க ஒத்துக்க மாட்டாங்க, மொத்தமா ஒரு ஃபீஸ், இல்ல ஒரு உச்சவரம்பு பேசிடுவாங்க. ஃபீஸை குறைச்சு டீலை பிடிச்ச பார்ட்னர் அதுக்கு நாலு பேரை போட மாட்டாங்க, ரெண்டு பேரை போடுவாங்க, அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் நீ. ராத்திரி ரெண்டு மணி மெயிலுக்கு பாதி காரணம் இந்தக் கணக்கு. ஆகவே சிரில் அமர்சந்தா, கைத்தானா, ஏஇசட்பியா, டிரைலீகலான்னு பேரை பார்க்கறதை விட, எந்த பார்ட்னர் டீம், அந்த டீம்ல ஒரு டீலுக்கு எத்தனை பேர் போடறாங்கன்னு விசாரி. ஒரே ஃபர்ம்ல ஒரே மாடியில ஒரு டீம் ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போகும், பக்கத்து டீம் விடிய விடிய இருக்கும்.


இன்ஹவுஸ்_பெங்களூரு:

மேல தம்பி எம் அண்ட் ஏ பத்தி ரொம்ப சரியா சொல்லிட்டாரு, நான் கேபிடல் மார்க்கெட்ஸ் டீம்ல இருந்தவ, இப்போ ஒரு கம்பெனியோட சொந்த சட்டப் பிரிவுல, இன்ஹவுஸ் லீகல். சில ஃபர்ம்ல முதல் வருஷம் டீம் மாத்தி மாத்தி போடுவாங்க, அதனால ஐபிஓ, அதாவது கம்பெனி முதல் தடவையா பொதுமக்களுக்கு ஷேர் விக்கிற வேலை எப்படின்னும் தெரிஞ்சுக்கோம்மா.

ஒரு கம்பெனி ஐபிஓ வரணும்னா பங்குச் சந்தையை கண்காணிக்கிற செபிக்கு டிஆர்எச்பின்னு ஒரு பெரிய ஆவணம் போடணும், பல நூறு பக்கம் போகும். அதுல இருக்கற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையில ஒரு ஆதாரம் இருக்கணும். "எங்களுக்கு இத்தனை கிளை இருக்கு", "இந்த வழக்கு இந்த கோர்ட்ல நிலுவையில இருக்கு", எதுவா இருந்தாலும் பேக்-அப் காகிதம் வாங்கி நம்பர் போட்டு வைக்கணும், அது ஜூனியர் வேலை. ரெண்டாவது, அதுல போடற ஆடிட் பண்ண கணக்கு ஃபைல் பண்ற தேதிக்கு ஆறு மாசத்துக்கு மேல பழசா இருக்கக் கூடாது. அதனால மார்ச் கணக்கை வெச்சு வர்றவங்க செப்டம்பர் முடியறதுக்குள்ள போட்டாகணும், ஜூன் கணக்குன்னா டிசம்பர். செப்டம்பர் கடைசி வாரம் இந்த டீம்ல இருக்கறவங்க யாரும் வீட்ல ராத்திரி சாப்பாடு சாப்பிட மாட்டாங்க, அது எந்த ஃபர்மா இருந்தாலும் அப்படித்தான். ஆனா ஒரு நல்லது, எப்போ கஷ்டம் வரும்னு காலண்டர்ல முன்னாடியே தெரியும், எம் அண்ட் ஏல அதுவும் தெரியாது.

ரிட்டெய்னர் பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன், இது முக்கியம். பார் கவுன்சில் விதிப்படி வக்கீலா பதிவு பண்ணவங்க முழுநேர சம்பள ஊழியரா இருக்கக் கூடாது, அதனால ஃபர்ம்ல நம்மளை எடுக்கிறது ப்ரொஃபஷனல் கணக்குல. மாசா மாசம் வர்றது பேருக்கு ஃபீஸ், 10 சதவீதம் டிடிஎஸ் பிடிச்சுட்டு தருவாங்க. பிஎஃப் இல்ல, கிராஜுவிட்டி இல்ல. வரி பக்கம் ஒரு லாபம் உண்டு, ப்ரொஃபஷனலா இருக்கறதால பிரசம்ப்டிவ் முறையில வருமானத்துல பாதியை மட்டும் லாபமா காட்டி வரி கட்டலாம், ரொக்கமா வாங்காதவங்களுக்கு வரம்பு 75 லட்சம். வரி மிச்சம் ஆகுதுன்னு செலவு பண்ணிடாத, பிஎஃப் இல்லாததால அந்தப் பணத்தை நீயேதான் ஒதுக்கணும், பிபிஎஃப்போ வேற எதுவோ முதல் மாசமே ஆரம்பி.

பெண் பிள்ளைன்னால இன்னொண்ணு. பிரசவ விடுப்பு சட்டம் ஊழியர்களுக்கானது, நாம அந்தக் கணக்குல வர்றதில்லைன்னுதான் ஃபர்முங்க எடுத்துக்கும். பெரிய ஃபர்ம் பலதும் தானா பாலிசி வெச்சு விடுப்பு தருது, ஆனா அது பாலிசிதான், எத்தனை வாரம், முழு ஃபீஸா, திரும்பி வந்தா அதே டீமா, எல்லாம் எழுத்துல வாங்கிக்கோ. நான் வேலை பார்த்த இடத்துல பாலிசி நல்லா இருந்துச்சு, திரும்பி வந்தவங்களுக்கு நல்ல டீல் குடுக்கல, அப்புறம் அப்ரைசல்ல வேலை பார்த்த மணிநேரம் கம்மின்னு சொன்னாங்க. அது இன்னும் எனக்கு மனசுக்கு ஆறல. பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் 2013 மட்டும் வேற மாதிரி, அதுல ஊழியர்னா கான்ட்ராக்ட் ஆள், ட்ரெய்னி, எந்தப் பேர்ல கூப்பிட்டாலும் அடங்கும், அதனால ரிட்டெய்னர்னு சொல்லி யாரும் உன்னை வெளியே தள்ள முடியாது. இன்டர்னல் கமிட்டி யாரெல்லாம்னு முதல் வாரமே தெரிஞ்சு வெச்சுக்கோ.


பாரீஸ்கார்னர்_வக்கீல்:

மாமா பக்கமும் ஒருத்தர் பேசணும்ல. நான் மெட்ராஸ் ஹைகோர்ட்ல ப்ராக்டிஸ் பண்றேன், குடும்பத்துல முதல் வக்கீல்.

"அது வக்கீல் வேலையே இல்ல"ன்றதை நான் ஒத்துக்க மாட்டேன், ஒப்பந்தம் எழுதறதும் சட்ட வேலைதான், ஒரு மோசமான கிளாஸ் எத்தனை வருஷம் ஆர்பிட்ரேஷன்ல (கோர்ட்டுக்கு வெளியே நடுவர் முன்னாடி நடக்கற விசாரணை) இழுக்கும்னு நாங்க தினமும் பார்க்கறோம். ஆனா ஒண்ணு உண்மை. எங்க பக்கம் ஜூனியரா இருந்தாலே வாய்தா கேட்கவாவது எழுந்து நிப்போம், ஜட்ஜ் கேள்வி கேட்பாரு, திணறுவோம், அடுத்த வாரம் திணற மாட்டோம். கேஸ் கட்டுல உன் பேர் இருக்கும், கட்சிக்காரர் உன் முகத்தை பார்ப்பாரு. ஃபர்ம்ல நீ எழுதின 80 பக்கத்துக்கு உன் பேர் எங்கயும் வராது. அது சிலருக்கு பரவால்ல, சிலருக்கு தாங்காது, நீ எந்த ரகம்னு உனக்குத்தான் தெரியும்.

பணம் பத்தி பொய் சொல்ல மாட்டேன். அந்த ஃபர்ம்ல முதல் வருஷமே 15 லட்சத்துக்கு மேல வரும். இங்க 2024 ஜூன்ல ஹைகோர்ட்டே, சென்னை, மதுரை, கோயம்புத்தூர்ல ஜூனியருக்கு மாசம் 20,000, மத்த ஊர்ல 15,000 குறைஞ்சபட்சம் குடுங்கன்னு சொல்லுச்சு, அதே வருஷம் அக்டோபர்ல பார் கவுன்சிலும் சர்க்குலர் விட்டுச்சு. அப்படி ஒரு உத்தரவு போட வேண்டிய நிலை இருந்துச்சுன்றதுலயே எங்க ஜூனியருங்க நிலைமை தெரியும். இன்னமும் நிறைய சீனியர் ஆபீஸ்ல அது முழுசா வர்றதில்ல. குடும்ப ஆபீஸ் இல்லாத பிள்ளைகளுக்கு முதல் அஞ்சு வருஷம் வீட்டுப் பணத்துலதான் ஓடுது. உனக்கு மாமா ஆபீஸ் இருக்கு, அது பெரிய விஷயம், நெனைச்சு பாரு.

எந்தப் பக்கம் போனாலும் பார் கவுன்சில்ல வக்கீலா என்ரோல்மென்ட் பண்ணிடு. 2024ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய்க்கு மேல பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது, எஸ்சி எஸ்டிக்கு 125. ஏஐபிஇன்ற அகில இந்திய பார் பரீட்சையை ரெண்டு வருஷத்துக்குள்ள எழுதி முடி, ஃபர்ம் வேலையில அதை தள்ளிப்போட்டு சிக்கிக்கறவங்க உண்டு. ஜட்ஜ் பரீட்சை எழுதற ஆசை இருந்தாலும் இப்போ மூணு வருஷ ப்ராக்டிஸ் கேட்கறாங்க, 2025 மே தீர்ப்பு அது. ஃபர்ம்லயும் டிஸ்ப்யூட்ஸ் டீம்னு ஒண்ணு இருக்கும், என்சிஎல்டி (கம்பெனி வழக்குகளுக்கான தீர்ப்பாயம்), ஆர்பிட்ரேஷன் பார்க்கறவங்க, அங்க இடம் இருக்கான்னு கேட்டுப் பாரு, அங்க இருந்தா கோர்ட் பக்கம் கால் இருக்கும்.


ஈஸ்ட்ஹாம்_பெடியன்:

நான் லண்டனில ஒரு பெரிய ஃபேர்மில சொலிசிட்டரா இருக்கிறன், யாழ்ப்பாணத்து குடும்பம், இஞ்சதான் படிச்சனான். தங்கச்சி இந்தியாவில எண்டதால சரியா பொருந்துமோ தெரியேல்ல, ஆனா கொஞ்ச காலத்தில வெளிநாட்டுக்கு மாறலாம் எண்டு கன பேர் நினைச்சுத்தான் அந்த ஃபேர்மில சேருகினம், அதுக்காக சொல்லுறன்.

இஞ்ச முதல் ரெண்டு வருசம் ட்ரெயினிங் கொன்ட்ராக்ட், ஆறு மாசத்துக்கு ஒரு டிப்பார்ட்மென்ட் எண்டு நாலு இடம் மாறுவம். அதால எது பிடிக்குது எண்டு பார்த்துத்தான் தெரிவு செய்யலாம், அது எனக்கு பெரிய உதவியா இருந்தது, முதல் நாளே எம் அண்ட் ஏ எண்டு கட்டிப்போட இல்லை. நாங்கள் ஊழியர்தான், பென்சன் இருக்கு, லீவு சட்டப்படி இருக்கு. கிழமைக்கு 48 மணித்தியாலம் எண்டு சட்டம் இருக்கு, ஆனா சேரேக்கயே அது வேண்டாம் எண்டு ஒரு பேப்பரில கையெழுத்து வாங்குவினம், எல்லாரும் போடுவினம். நீங்கள் எழுதின காத்திருப்பு இஞ்சயும் அப்படியேதான் இருக்கு, ஒரு சொல்லும் மாத்தத் தேவையில்லை.

2024ல மெஜிக் சேர்க்கிள் எண்டு சொல்லுற லண்டன் முன்னணி ஃபேர்மெல்லாம் புதுசா குவாலிஃபை ஆனவைக்கு வருசம் 150,000 பவுண்ஸ் எண்டு ஏத்தினவை. கேட்க பெருசு, ஆனா 100,000க்கு மேல போனா வரியில்லாத தொகையை குறைச்சுக்கொண்டு வருவினம், 125,140க்கு மேல 45 வீதம் வரி. வீட்டு வாடகையும் போனா மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கோ. அதோட இந்திய வக்கீல் இஞ்ச வர எஸ்கியூஇ எண்ட சொலிசிட்டர் தகுதிச் சோதினை எழுதவேணும், 2021ல இருந்து அந்த முறை. இந்தியாவில வெளிநாட்டு ஃபேர்ம் ஆபீஸ் போட்டு இந்திய சட்டம் பார்க்க ஏலாது எண்டு 2018ல சுப்ரீம் கோர்ட் சொன்னது, அந்த வழக்கு மெட்ராஸ் ஹைகோர்ட்டில ஏ.கே. பாலாஜி எண்ட வக்கீல் துவங்கினது. பிறகு பார் கவுன்சில் 2023லயும் 2025லயும் விதி கொண்டுவந்து வெளிநாட்டு சட்டத்துக்கு மட்டும் கதவை கொஞ்சம் திறந்திருக்கு. அதை நம்பி இப்ப முடிவு எடுக்காதேங்கோ.


பொருநைக்கரை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல, அப்பாவுக்கும் வாசிச்சு காட்டினேன். அக்கா சொன்ன பிரசவ விடுப்பு, எழுத்துல வாங்கற விஷயம் எல்லாம் எனக்கு தோணவே இல்ல. லோயர்பரேல் அண்ணா, டீம் பத்தி விசாரின்னு சொன்னீங்க, யார்கிட்ட என்னன்னு கேட்கணும்? பார்ட்னர்கிட்டயே கேட்டா தப்பா எடுத்துப்பாங்களோன்னு பயமா இருக்கு. அப்புறம் ஹிந்தி?


லோயர்பரேல்_தமிழன்:

பார்ட்னர்கிட்ட "எத்தனை மணிக்கு வீட்டுக்கு போகலாம்"னு கேட்காத, "கடைசியா முடிஞ்ச டீல்ல எத்தனை அசோசியேட் இருந்தாங்க, முதல் வருஷத்துல நான் ட்ராஃப்டிங் எப்போ ஆரம்பிப்பேன்"னு கேளு, அதுக்கு நேரா பதில் சொல்றவங்க பெரும்பாலும் நல்ல பார்ட்னரா இருப்பாங்க. மத்ததை அந்த டீமை விட்டு போன ஆட்கள்கிட்ட கேளு, லிங்க்ட்இன்ல பார்த்தா தெரியும். அதே டீம்ல இருந்து ரெண்டாவது வருஷம் முடியறதுக்குள்ள நிறைய பேர் கிளம்பியிருந்தா அதுக்கு மேல விசாரிக்க வேண்டியதில்ல. கிளம்பினவங்க எங்க போனாங்கன்னும் பாரு, வேற ஃபர்முக்கு அதே வேலைக்கு போயிருந்தா டீம்ல பிரச்சனை, மேல் படிப்பு, இன்ஹவுஸ்னு போயிருந்தா சாதாரணம். ஆபீஸ்ல இருக்கற ஜூனியர் மனசுல இருக்கறதை உனக்கு மெயில்ல எழுத மாட்டாங்க, போன்ல பேசு.

ஹிந்தி ஆபீஸ் வேலைக்கு வேண்டாம், எழுத்து எல்லாம் இங்கிலீஷ்தான். ஆனா லஞ்ச்ல, கால் முடிஞ்சப்புறம் நடக்கற பேச்சு ஹிந்திலதான் ஓடும், அடுத்த டீலுக்கு யாரை போடலாம்னு பேசறதும் சில சமயம் அந்தப் பேச்சுலயே முடிவாயிடும், எனக்கு முதல் வருஷம் அது ரொம்ப வலிச்சுது. புரியற அளவு வந்தா போதும், கூச்சப்படாம இங்கிலீஷ்லயே பதில் சொல்லு, நல்ல ட்ராஃப்ட் குடுத்தா அவங்களே இங்கிலீஷுக்கு மாறுவாங்க. மாமாகிட்ட சண்டை போடாத, சேர்றதுக்கு முன்னாடி கிடைக்கிற ரெண்டு மாசம் அவங்க ஆபீஸ்ல போய் உட்காரு, மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று பார்க்கறதை அவங்ககிட்ட கத்துக்கிட்டு வந்தா டியூ டிலிஜென்ஸ்ல, அதாவது நான் முதல்ல சொன்ன டேட்டா ரூம் காகிதம் படிக்கிற வேலையில, நிலம் சம்பந்தமா உன்னை மிஞ்ச ஆள் இருக்காது, நெஜமா சொல்றேன், பெரிய காலேஜ்ல படிச்சு வர்ற பலருக்கு ஒரு பத்திரத்தை கையில எடுத்து படிக்கத் தெரியாது.


மாட்டுங்கா_வாசி:

நான் வக்கீல் இல்ல, மும்பைல இருக்கேன்ற முறையில ஒண்ணு மட்டும். ஆபீஸ் லோயர் பரேல் பக்கம்னா மாட்டுங்கால பிஜி, ஷேரிங் ரூம் பாரும்மா. நம்ம சாப்பாடு கிடைக்கும், கோவில் இருக்கு, தமிழ் பேசற கடைக்காரங்க இருக்காங்க, மாட்டுங்கா ரோடு ஸ்டேஷன்ல ஏறினா தாதர், பிரபாதேவி தாண்டி லோயர் பரேல், ட்ரெயின்ல மூணாவது ஸ்டேஷன். ராத்திரி லேட்டானா கேப் ஃபர்ம் செலவுல வருமான்னு எச்ஆர்கிட்ட கேட்டுக்கோ, தூரமா வீடு பார்த்து மிச்சம் பிடிக்கிற வாடகையை விட அந்த ஒரு மணி நேர தூக்கம் உனக்கு முக்கியம். இங்க வாடகைக்கு லீவ் அண்ட் லைசென்ஸ் அக்ரிமென்ட்னு போடுவாங்க, பெரும்பாலும் 11 மாசம், மகாராஷ்டிராவுல அதை ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், சில ஓனருங்க நோட்டரி போதும்னு இழுப்பாங்க. டோக்கன் பணம் குடுக்கறதுக்கு முன்னாடியே அதை கேட்டுடு.